காகித விளக்கும் வீட்டு வெளிச்சமும்

நாள் முழுவதும் கிளை அலுவலகத்தின் வெண்ணிற வெளிச்சத்தில் பணிபுரிந்துவிட்டு வீடு திரும்புவோருக்கு, வீட்டின் வெளிச்சத்தைப் பற்றிச் சிந்திக்கப் பொழுது இருப்பதில்லை. ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். மாதக் கடைசியில் மின்கட்டணம் அளவோடு இருக்க வேண்டும். நானும் நெடுங்காலம் அவ்வளவில் நின்றவன்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் பணியிட மாற்றத்தில் மும்பைக்கு வந்தேன். அடுத்த ஆண்டு என் தாயார் காலமானார். ஊரில் தனியே இருந்த தந்தையாரை அழைத்து வந்து எங்களுடன் வைத்துக்கொண்டோம். அதன் பிறகுதான் இப்பொருளைப் படிக்கும் தேவை எனக்கு ஏற்பட்டது.

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் கூடம் இருண்டு கிடக்கும். தந்தையார் சன்னலோர நாற்காலியில் விளக்கேற்றாமல் அமர்ந்திருப்பார். துயரத்தால் அப்படி இருக்கிறார் என்று நாங்கள் எண்ணினோம். டியூப்லைட்டைப் போட்டால் சற்று நேரத்தில் எழுந்து அறைக்குள் போய்விடுவார். ஒரு நாள் கேட்டேவிட்டேன். “அது கண்ணைக் குத்துதுப்பா, வேற ஒண்ணுமில்லை” என்றார். எங்கள் குடும்பத்தில் ஒரு காகித மேசை விளக்கு வந்து சேர்ந்த கதை அங்கே தொடங்குகிறது. அதில் நான் செய்த பிழையையும், அப்பிழையின் வழியே கற்றதையும் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் பாடம்: ஒரு பிழை

கைவினைப் பொருட்காட்சி ஒன்றில் அந்த விளக்கை வாங்கினோம். மரத்தாலான அடிப்பகுதி, கம்பிச் சட்டம், அதன் மேல் கைக்காகிதத்தாலான உருண்டைக் கூடு. விலை ரூ. 1,150. பல்பு உடன் தரப்படவில்லை. வீட்டு அலமாரியில் பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று கிடந்தது. அதையே மாட்டினேன். ஹோல்டரின் பக்கத்தில் சிறிய தாள் ஒன்று ஒட்டப்பட்டு, அதில் எத்தனை வாட் வரை பயன்படுத்தலாம் என்று அச்சிடப்பட்டிருந்தது. கடன் பத்திரங்களில் சிறு எழுத்தையும் விடாமல் படிக்கும் நான் அதைப் படிக்கவில்லை.

நான்காம் நாள் மாலை. நான் உள்ளறையில் இருந்தேன். “தம்பி, என்னமோ கருகுற வாடை அடிக்குது, வந்து பாரு” என்று தந்தையார் குரல் கொடுத்தார். கூடு ஒருபக்கம் சரிந்து, காகிதம் பல்பின் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு அது பழுப்பேறிக் கருகியிருந்தது. உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டோம். வேறு சேதம் இல்லை. ஆயினும் அன்று அவர் மட்டும் வீட்டில் இருந்து, நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

நடந்ததன் காரணம் எளியது. குண்டு பல்பு, தான் பெறும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியேற்றுகிறது. அதை விளக்கு என்பதைவிடச் சிறு அடுப்பு என்பதே பொருந்தும். திறந்த ஹோல்டரில் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும். காகிதக் கூட்டுக்குள் அது தங்கிவிடும். காகிதம் கண்ணாடியைத் தொட்டுவிட்டாலோ, வெப்பம் ஒரே இடத்தில் சேர்ந்து முதலில் மஞ்சளாக்கும், பிறகு கருக்கும், அதன் பிறகு நிகழக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே காகித விளக்கைப் பற்றிய எந்தப் பாடமும் அழகிலிருந்து தொடங்காமல் பல்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

பல்பைத் தேர்ந்தெடுத்தல்

காகிதக் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பு மட்டுமே இருக்க வேண்டும் என்பதை விலக்கில்லாத விதியாகக் கொள்ளலாம். எல்.இ.டி. பல்பின் அடிப்பகுதியிலும் ஓரளவு சூடு உண்டு. ஆகவே அதுவும் காகிதத்தைத் தொடாமல், எல்லாப் பக்கமும் சில அங்குல இடைவெளியுடன் நடுவில் நிற்க வேண்டும். கூட்டின் மேலும் கீழும் காற்றுப் போக வழி இருப்பதும் அவசியம். உறையில் காணும் மூன்று எண்களைப் படிக்கத் தெரிந்தால் பல்பைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.

முதலாவது, வாட். இது செலவாகும் மின்சாரத்தின் அளவு. வெளிச்சத்தின் அளவு அன்று. இரண்டாவது, லூமென். வெளிச்சத்தின் அளவைக் காட்டுவது இதுவே. ஒரு 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 முதல் 800 லூமென் தரும். 9 வாட் எல்.இ.டி. பல்பு அதற்கு ஈடு கொடுக்கும். கூடத்தில் மூலையை ஒளிரச் செய்யும் காகித விளக்குக்கு அவ்வளவு வேண்டியதில்லை. 400 முதல் 500 லூமென் தரும் 5 வாட் பல்பு போதும்.

மூன்றாவது, கெல்வின். இது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண். 2700 முதல் 3000 வரை இருந்தால் ஒளி இளமஞ்சளாக இருக்கும். 4000 என்றால் மஞ்சளும் நீலமும் இல்லாத நடுநிலை வெண்மை. 6500 என்றால் நீலம் கலந்த வெண்மை. நம் இல்லங்களின் டியூப்லைட்டுகளில் பெரும்பாலானவை இவ்வகையே. எண் ஏற ஏற ஒளி குளிர்ந்த தோற்றம் கொள்வது தொடக்கத்தில் குழப்பமாகத் தோன்றும், பழகிவிடும். காகிதக் கூட்டுக்கு 2700 கெல்வினே தக்கது. 6500 கெல்வின் பல்பை உள்ளே வைத்தால் காகிதத்தின் நார்களில் இருக்கும் இயல்பான கதகதப்பு மறைந்து, கூடு சாம்பல் நிறமாகத் தெரியும். விலையுயர்ந்த விளக்கை வாங்கியும் “கடையில் பார்த்த அழகு வீட்டில் இல்லையே” என்று வருந்துவோர் முதலில் பல்பை மாற்றிப் பார்க்க வேண்டும்.

உறையில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16102 என்ற குறியீடும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா எனக் காண்க. தெருவோரத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத பல்பில் இவை இரா. மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஸ்விட்ச் உள்ள விளக்கானால், அதற்கு ஏற்றது என்று உறையிலேயே எழுதப்பட்ட பல்பை மட்டும் வாங்க வேண்டும். மற்றவை துடிக்கும், அல்லது விரைவில் பழுதாகும்.

இனி, வணிகவியல் படித்தவன் என்ற முறையில் ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 5 மணி நேரம் விளக்கு எரிவதாகவும், ஒரு யூனிட்டுக்கு ரூ. 8 என்றும் வைத்துக்கொள்வோம். 40 வாட் குண்டு பல்பு ஆண்டுக்கு 73 யூனிட் செலவழிக்கும், கட்டணம் ரூ. 584. 5 வாட் எல்.இ.டி. பல்பு 9 யூனிட்டுக்குச் சற்றே மேல் செலவழிக்கும்; கட்டணம் ரூ. 73. ஆண்டுச் சேமிப்பு ரூ. 511. பல்பின் விலை சில மாதங்களில் திரும்பிவிடுகிறது. பாதுகாப்பும் சேமிப்பும் ஒரே பக்கம் நிற்கும் இடங்கள் வாழ்க்கையில் அதிகமில்லை. இது அவற்றுள் ஒன்று.

காகிதம் என்ன செய்கிறது?

வெற்றுப் பல்பு கண்ணைக் குத்துவதற்கும், அதே பல்பு காகிதக் கூட்டுக்குள் இருக்கும்போது இதமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள பல்பை 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள காகித உருண்டைக்குள் வைக்கிறோம் என்று கொள்வோம். விட்டம் 5 மடங்கு. எனவே நம் கண்ணுக்குத் தெரியும் பரப்பு 25 மடங்கு. அதே ஒளி 25 மடங்கு பரப்பில் விரிந்து வருவதால், எந்த ஓர் இடத்தைப் பார்த்தாலும் அதன் கடுமை ஏறத்தாழ 25-இல் ஒரு பங்காகிறது. அன்றியும் காகிதத்தின் நார்கள் ஒளியை ஒரே திசையில் விடாமல் எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. ஆகையால் நிழல்களின் ஓரமும் மென்மையாகிறது.

என் தந்தையாரின் சிக்கல் இதில்தான் அவிழ்ந்தது. வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சிறுக்கிறது. கண்வில்லை மஞ்சளேறி மங்குகிறது. ஆகவே முதியோருக்குக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படுகிறது. அதே நேரம், மங்கிய வில்லை ஒளியைக் கண்ணுக்குள்ளேயே சிதறச் செய்வதால் கூச்சமும் மிகுகிறது. வெளிச்சம் வேண்டும், ஆனால் விளக்கு கண்ணில் படக்கூடாது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு இருளில் அமர்ந்த ஒருவரின் பிடிவாதம் என்று நாங்கள் எண்ணியது உண்மையில் கண்ணின் வேண்டுகோள். கூச்சம் திடீரென்று அதிகரித்தால் கண்புரை உள்ளதா என்று மருத்துவரிடம் காட்டுவதும் கடமை. நாங்கள் காட்டினோம், கண்ணாடியின் அளவை மாற்றினாலே போதும் என்றார்.

விளக்கு வந்த வழி

இன்று உலகெங்கும் கடைகளில் காணும் காகித உருண்டை விளக்குகளுக்கு ஒரு மூலக்கதை உண்டு. ஜப்பானில் கிஃபு என்னும் நகரம் காகிதக் கூண்டு விளக்குகளுக்குப் பெயர்பெற்றது. ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி இசாமு நொகுச்சி, ஹிரோஷிமா செல்லும் வழியில் 1951-ஆம் ஆண்டு அங்கே தங்கினார். நலிந்துவரும் விளக்குத் தொழிலுக்குப் புத்துயிர் ஊட்ட உதவுமாறு அந்நகரின் மேயர் அவரைக் கேட்டுக்கொண்டார். மெழுகுவர்த்திக்கெனச் செய்யப்பட்டுவந்த கூட்டுக்குள் மின்விளக்கை வைத்து நொகுச்சி புதிய வடிவங்களை வரைந்தார். அவற்றுக்கு ‘அகாரி’ என்று பெயரிட்டார். ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு ஒளி என்று பொருள். 1988-இல் மறையும் வரை அவர் வரைந்த வடிவங்கள் நூற்றுக்கும் மேல்.

செய்யும் முறை எளியதும் நுட்பமானதுமாகும். மரத்துண்டுகளைச் சேர்த்து விளக்கின் வடிவில் ஓர் அச்சு அமைக்கிறார்கள். அதன் மேல் மெல்லிய மூங்கில் இழையைச் சுற்றுகிறார்கள். முசுக்கட்டை இனத்தைச் சேர்ந்த செடியின் உட்பட்டையிலிருந்து செய்த காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டுகிறார்கள். காய்ந்த பின் உள்ளிருக்கும் அச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது காகிதமும் மூங்கிலும் மட்டுமே. மடித்தால் தட்டையாகி ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். கிஃபு வட்டாரத்தைச் சேர்ந்த மினோ நகரின் கைக்காகிதக் கலை, ஜப்பானின் வேறு இரு ஊர்களின் காகிதக் கலையோடு சேர்த்து 2014-இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

நம் நாட்டுக்கும் இதில் பெருமை உண்டு. மகாராஷ்டிரத்தில் தீபாவளிக்கு முன் வீடுதோறும் காகித ஆகாஷ் கந்தில் தொங்கும். மும்பையின் மாகிம் பகுதியில் அவற்றை விற்கும் தெருவுக்குக் கந்தில் கல்லி என்றே பெயர் வழங்குகிறது. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காக்சி எனப்படும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்காகிதம் செய்துவருகின்றன. மரத்தை வெட்டாமல், ஆடைத் தொழிற்சாலைகளில் கழியும் பருத்தித் துண்டுகளை அரைத்துச் செய்யும் காகிதம் அது. அங்குள்ள தேசிய கைக்காகித நிறுவனம், 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இலண்டனில் கணக்கியல் பயின்று தணிக்கையாளராகத் தொழில் நடத்திய அவர், 1934-இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றார். வரவு செலவு அறிந்த ஒருவர் கைத்தொழிலின் பக்கம் நின்றார் என்பது எம்போன்றோருக்கு நினைவில் கொள்ளத்தக்கது. அருணாசலப் பிரதேசத்தின் தவாங்கில் மோன்பா மக்கள் மரப்பட்டையிலிருந்து செய்யும் காகிதத்தையும் காதி கிராமத் தொழில் ஆணையம் 2020 டிசம்பரில் மீட்டெடுத்தது.

விளக்கு வாங்கும்போது எந்தக் காகிதம் என்று கேட்பது நன்று. பருத்திக் காகிதம் கனமானது. ஒளி சற்றுக் குறைவாக வரும், நீண்ட நாள் உழைக்கும். பட்டைநார்க் காகிதம் மெல்லியது. நார்களின் கோடுகள் ஒளியில் தெரியும். சாதாரண மரக்கூழ்க் காகிதம் மலிவு; வெயில் பட்டால் விரைவில் மஞ்சளாகும்.

இடமும் உயரமும்

ஒரு வீட்டின் வெளிச்சத்துக்கு மூன்று கடமைகள் உண்டு. அறை முழுவதையும் காட்டும் பொது வெளிச்சம் ஒன்று. படிப்பதற்கும் நறுக்குவதற்கும் தைப்பதற்கும் வேண்டிய பணி வெளிச்சம் மற்றொன்று. மனத்துக்கு இதமளிக்கும் சூழல் வெளிச்சம் மூன்றாவது. பெரும்பாலான இல்லங்களில் ஒரே டியூப்லைட்டிடம் மூன்று பொறுப்பையும் ஒப்படைத்துவிடுகிறோம். ஒரே அலுவலரிடம் கணக்கு, கடன், காசாளர் ஆகிய மூன்று மேசைகளையும் கொடுத்தால் நேர்வதே அங்கும் நேர்கிறது.

காகித விளக்கு மூன்றாம் கடமைக்கு உரியது. அதைக் கொண்டு படிக்க முடியும் என்று நம்பி வாங்குவோர் ஏமாற்றமடைவர். தந்தையார் நாளிதழ் படிக்க, ஒளி தாளின் மேல் மட்டும் விழும்படி கழுத்து வளைந்த சிறு விளக்கு ஒன்றைத் தனியே வாங்கினோம். காகித விளக்கு பின்புலத்தை ஒளிரச் செய்யும். படிப்பு விளக்கு தாளை ஒளிரச் செய்யும். சுற்றிலும் இருள் சூழ, தாள் மட்டும் பளிச்சென்று இருந்தால் கண் விரைவில் களைத்துவிடும். இரண்டும் சேரும்போது அக்களைப்பு குறைகிறது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கப் பின்வருவன உதவும்.

மூலையே முதலிடம். இரு சுவர்கள் சேரும் இடத்தில் வைத்தால் இரண்டும் ஒளியைத் திருப்பி அனுப்பும். ஒரு விளக்கு இரண்டாகப் பயன் தரும். வெளிர் நிறச் சுவரானால் பயன் மிகுதி. அடர்நிறச் சுவர் ஒளியை விழுங்கிவிடும். சுவருக்கும் கூட்டுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட வேண்டும்.

நாற்காலியில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 105 முதல் 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். விளக்கின் கூட்டுக்குக் கீழ்த்திறப்பு இருந்தால், அத்திறப்பு இவ்வுயரத்துக்கு மேல் போகலாகாது. போனால் பல்பு நேரே கண்ணில் படும். 55 சென்டிமீட்டர் உயரமுள்ள பக்க மேசையின் மேல் 45 சென்டிமீட்டர் விளக்கை வைத்தால் உச்சி 100 சென்டிமீட்டரில் நிற்கும். அப்போது மேல்திறப்பின் வழியே நின்றிருப்பவர் கண்ணுக்கு மட்டுமே பல்பு தெரியக்கூடும். பால்வெள்ளைக் கண்ணாடி உறையுள்ள பல்பு அதையும் தணிக்கும்.

தொலைக்காட்சிக்கு எதிரே விளக்கை வைத்தால் திரையில் உருண்டை நிலவு ஒன்று நிரந்தரமாகக் குடியேறிவிடும். அதன் பக்கவாட்டில் வைப்பது நன்று. நிலைக்கண்ணாடி அருகில் வைத்தால் ஒளி இரட்டிக்கும். சிறிய அறையில் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன்பே செய்து பார்க்கத்தக்க செலவில்லாத சோதனை ஒன்றைச் சொல்கிறேன். இன்றிரவு ஏழு மணிக்கு மற்ற விளக்குகளை அணையுங்கள். வெள்ளைத்தாள் ஒன்றைக் குழலாகச் சுருட்டி, கைபேசியின் டார்ச்சை மேல்நோக்கி எரியவிட்டு, குழலை அதன் மேல் நிறுத்துங்கள். உத்தேசித்த மேசையின் மேல் அதை வைத்துவிட்டு, அறையிலுள்ள ஒவ்வொரு நாற்காலியிலும் அமர்ந்து பாருங்கள். எங்கிருந்து கண் கூசுகிறது, எந்தச் சுவர் ஒளிர்கிறது, நடக்கும் வழியில் எவர் கால் இடறும் என்பன பத்து நிமிடங்களில் விளங்கிவிடும். குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டால் மகிழ்வர். ஐந்து நிமிடம் எரிந்ததும் டார்ச்சை மறவாமல் அணைத்துவிடவும், கைபேசி சூடாகும்.

அளவும் அண்டைப் பொருள்களும்

கூட்டின் அகலம் மேசையின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாதிருந்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும். நடப்போர் முழங்கையும் அதில் படாது. தாழ்ந்த இருக்கைகள் உள்ள கூடத்துக்கு உருண்டை வடிவம் பொருந்தும். குறுகிய இடத்துக்கு உயர்ந்த தூண் வடிவம் பொருந்தும்.

மேசையின் மேல் விளக்கோடு வேறு என்ன வைக்கலாம்? காகிதம் எடையற்ற பொருள். அதன் அருகில் எடையும் பளபளப்பும் உள்ள ஒன்று இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். ஒரு பித்தளைச் செம்பு, ஒரு மண்குவளை, நான்கு புத்தகங்கள், அவ்வளவு போதும். பித்தளையில் மஞ்சள் ஒளி விழும் அழகு நம் வீடுகளுக்கே உரியது. பரண் மேல் கிடக்கும் பழைய பாத்திரங்களுக்கு அது மறுவாழ்வு. எங்கள் மேசையில் தாயாரின் வெற்றிலைப் பெட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் பூக்கள், மின்னும் ஜிகினா ஆகியவற்றைக் காகிதத்தின் அருகில் வைக்காதிருப்பது நன்று. ஓர் அறைக்கு ஒரு காகித விளக்கே போதுமானது. மூன்றை வைத்தால் வீடு கடையாகிவிடும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

நம் நாட்டு வீட்டில் மேலே மின்விசிறி சுழலும். இலேசான விளக்கு அதன் காற்றில் நகரும், சரியும். எங்கள் கூடு சரிந்ததற்கும் மின்விசிறியே காரணம் எனப் பின்னர் அறிந்தோம். அடிப்பகுதி கனமான விளக்கையே வாங்குக. கூட்டைத் தாங்கும் கம்பி ஹோல்டரில் இறுகப் பொருந்தியுள்ளதா என்று மாதம் ஒருமுறை காண்க.

பூசை விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி ஆகியவற்றிலிருந்து இது தொலைவில் இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் இதற்குள் மெழுகுவர்த்தியோ அகல்விளக்கோ வைக்கலாகாது. மின்தடை நேரத்தில் சிறுவர்களுக்கு இந்த யோசனை தோன்றும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நன்று. வயரை விரிப்புக்கு அடியில் ஓடவிடாமல் சுவரோரமாகக் கொண்டுசெல்க. விரிப்புக்கு அடியில் நசுங்கும் வயரின் பழுது கண்ணில் படாது. பல்பை மாற்றும்போது ஸ்விட்சை அணைப்பதோடு பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

தூசியை வாரம் ஒருமுறை மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டினால் போதும். ஈரத்துணி ஆகாது. மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை ஈர்த்துத் தளரும். நாளும் சில மணி நேரம் விளக்கை எரியவிடுவதும், சன்னல் சாரலிலிருந்து தள்ளி வைப்பதும் உதவும். பசையைத் தின்ன வரும் இராமபாணப் பூச்சி இருட்டையும் ஈரத்தையும் விரும்புவது. காகிதக் கூட்டை மடித்துப் பரணில் வைப்பதாயின் நன்கு உலர்ந்த பின்னரே வைக்க வேண்டும்.

வாங்கும்போது நினைவிற்கொள்ள வேண்டியவை

பொருட்காட்சிகளில் வாங்கினாலும் ரசீது கேட்டுப் பெறுவது நம் உரிமை. யு.பி.ஐ. வழியே பணம் செலுத்தினால் நாளும் தொகையும் பதிவாகும். ஆயினும் எந்தப் பொருள் வாங்கினோம் என்பதற்கு ரசீதே சான்று. குறைபாடுள்ள பொருளுக்குத் தீர்வு கிடைக்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஹோல்டரும் பிளக்கும் தரமுத்திரை பெற்றவையா எனப் பார்ப்பதும், இல்லாவிடில் மின்பணியாளரைக் கொண்டு மாற்றிக்கொள்வதும் சிறு செலவே. கூடு அழகாகச் செய்யப்பட்டு, வயர் மட்டும் மலிவாக இருப்பது கைவினை விளக்குகளில் அடிக்கடி காணும் குறை.

அந்த மாலைக்குப் பிறகு நான் செய்த மற்றொரு செயல், வீட்டுக் காப்பீட்டைப் பற்றி விசாரித்தது. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசியை வழங்கிவருகின்றன. தீ விபத்தும் அதில் அடங்கும். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், அத்தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் ரூ. 10 லட்சத்துக்கு, வீட்டுப் பொருள்களுக்கும் காப்பு தானே கிடைக்கும். என்னைப் போல் வாடகை வீட்டில் இருப்போர் பொருள்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கடன் வாங்கும் வாடிக்கையாளர்களிடம் இதைப் பலமுறை எடுத்துச் சொன்னவன், தன் வீட்டுக்கு எடுத்திருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தொகுப்பு

1. காகிதக் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பு மட்டுமே, 5 வாட், 2700 கெல்வின்.
2. ஹோல்டரில் குறித்துள்ள வாட் அளவைப் படித்த பின்னரே பல்பை மாட்டுக.
3. பல்பும் காகிதமும் எங்கும் தொடலாகாது. காற்றுக்கு வழி வேண்டும்.
4. வெளிர் நிறச் சுவருள்ள மூலை, தாழ்ந்த மேசை, கனமான அடிப்பகுதி.
5. படிப்பதற்குத் தனி விளக்கு.
6. நெருப்பு, சாரல், நேர்வெயில் ஆகிய மூன்றும் எட்டத்தில்.
7. ரசீதும் காப்பீடும் கையில்.

கருகிய கூட்டை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதென்று நான் முடிவு செய்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பார்த்தபோது, தந்தையார் கருகிய பகுதியை வட்டமாக வெட்டியெடுத்துவிட்டு, மெல்லிய தாளை அளந்து வெட்டி, மைதாப் பசை காய்ச்சி ஒட்டிக்கொண்டிருந்தார். சிறுவயதில் எனக்குப் பட்டம் செய்து தந்த அதே விரல்கள். வந்த நாள் முதல் அவர் தாமாக விரும்பிச் செய்த முதல் வேலை அது. தளர்ந்திருந்த கம்பியையும் நூலால் இறுக்கிக் கட்டினார். புதிய பல்பை நான் மாட்டினேன். இம்முறை அட்டையைப் படித்துவிட்டு.

ஒட்டிய இடம் இரட்டைக் காகிதமாதலால், விளக்கு எரியும்போது நாணயம் போன்ற ஒரு சிறு நிழல் சுவரில் தெரிகிறது. மாலையில் நான் கதவைத் திறக்கும்போது இப்போது கூடம் இருண்டிருப்பதில்லை. பசை வைத்த இடத்தில் பூச்சி அரிக்கிறதா என்று வாரந்தோறும் அவரே பார்த்துக்கொள்கிறார்.